பினாங்கில் பூசாத கான்கிரீட்டும் தகரக் கூரையும்: புழங்கிப் பார்த்ததில் தெரிந்தவை

பினாங்கின் தஞ்சோங் பூங்கா வட்டாரத்தில், கடலுக்குப் பக்கத்திலேயே ஒரு டேரஸ் (வரிசை) வீடு. அதன் பின்பக்கம் சேர்த்துக் கட்டிய சின்ன இணைப்பு இது. 150 மி.மீ. பூசாத கான்கிரீட் சுவர், கால்வனைஸ் செய்த (துத்தநாகம் பூசிய) இரும்புத் தூண்கள், 0.48 மி.மீ. தகரக் கூரை. பல மழைக்காலம் தாண்டியும் கான்கிரீட் ஏமாற்றவில்லை. வம்பு வந்ததெல்லாம் இரும்பு கான்கிரீட்டைத் தொடும் இடத்திலும், தண்ணீர் இறங்கும் வழியிலும்தான்.

மழை படும் இடம்தான் முதலில் துருப்பிடிக்கும் என்று நினைப்போம். கடலோரத்தில் அது நேர்மாறு. கூரையின் மேல்பக்கத்து உப்பை மழை கழுவிவிடும். தாழ்வாரத்தின் அடிப்பக்கம் மழையே காணாது. உப்பு படிந்துகொண்டே போய், இரவு ஈரத்தில் ஊறும். அண்ணாந்து பார்த்தால் ஸ்க்ரூவைச் சுற்றி வெள்ளைப் பொடி தெரியும். துத்தநாகப் பூச்சு அரிபடுகிறது என்று அர்த்தம். சிவப்புத் துரு அதற்குப் பிறகுதான் வரும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரை ஹோஸில் பீய்ச்சி அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். மழை குறைந்த ஜனவரி, பிப்ரவரியில் இரண்டு முறை. 304 ரக ஸ்டெயின்லெஸ் கிரில்லும் இங்கே பழுப்புப் புள்ளி கட்டிவிடும். மாலிப்டினம் சேர்த்த 316 விலை கூடுதல்தான், ஆனாலும் கடலோரத்துக்கு அதுதான் சரி.

அலுமினியம்-துத்தநாகப் பூச்சுத் தகரத்துக்கு இரண்டு எதிரிகள். ஒன்று ஈர சிமெண்டு. அதன் காரத்தன்மை பூச்சை அரிக்கும் என்பதால், சுவர் ஓரத்தில் சாந்து வைத்து அடைக்காமல் இடுக்கை மூடும் ஃப்ளாஷிங் தகடும் அமிலம் கக்காத நியூட்ரல் சிலிகானும் போட வேண்டும். இன்னொன்று ஏர்கோன் தண்ணீர். செம்புக் காயிலில் இருந்து சொட்டும் நீர் கூரையில் விழுந்தால், விழும் கோட்டிலேயே தகரம் ஓட்டையாகும். அந்தக் குழாயைத் தனியாகத் தரைக்கு இறக்கிவிடுங்கள். கூரைமேல் கிரைண்டர் வைத்துத் தகரம் வெட்டவே விடாதீர்கள். பறக்கும் இரும்புத் தூள் மறுநாளே துருப் புள்ளியாகிவிடும்.

தூணைக் கான்கிரீட்டில் புதைத்தால் தரைமட்டக் கோட்டில்தான் அரிக்கும். 12 மி.மீ. அடித்தகடு, அதன் கீழே 25 மி.மீ. சுருங்காத க்ரவுட் (நிரப்புச் சாந்து), போல்ட். இந்த அமைப்பு இன்றுவரை சுத்தமாக நிற்கிறது. உள்ளீடற்ற தூணின் அடியில் 10 மி.மீ. வடிதுளை கட்டாயம். கால்வனைஸ் செய்தபின் சைட்டில் வெல்டிங் அடித்தால் பூச்சு எரிந்துபோகும். துத்தநாகப் பெயிண்ட் வெறும் ஒட்டுப்போடுகிற வேலை. துளை, கிளீட் (பிடிப்புத் துண்டு) எல்லாவற்றையும் பட்டறையிலேயே முடித்து அனுப்பச் சொல்லுங்கள்.

கான்கிரீட்டில் கட்டுமானக் குத்தகையாளரிடம் விட்டுக்கொடுக்கக் கூடாதது கம்பி மேல் கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் தடிப்பு): 40 மி.மீ., குறையவே கூடாது. கட்டுக்கம்பியின் வால் ஒன்று வெளிமுகம் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தாலும் பழுப்புக் கண்ணீர் வடிந்த மாதிரி கறை இறங்கும், துடைத்தால் போகாது. கான்கிரீட் வார்க்கும் ஃபார்ம்வொர்க் பலகையின் இணைப்பில் ஃபோம் டேப் ஒட்டாவிட்டால் சிமெண்டுப் பால் கசிந்து, அந்த இடம் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாகிவிடும்.

சுவரின் தலையில்தான் கறுப்புப் பாசி ஆரம்பிக்கும். 30 மி.மீ. வெளியே நீண்ட தகட்டு மூடி போட்ட சுவர் இன்னும் வெளிறிய சாம்பலாகவே இருக்கிறது. மூடி இல்லாத பக்கம் கோடுகோடாகக் கறுத்துவிட்டது. பாசிக்கு நீர்த்த குளோராக்ஸ் ப்ளீச், மிருதுவான பிரஷ், பிறகு நிறைய தண்ணீர். ஆசிட் வேண்டாம், சிமெண்டையும் துத்தநாகத்தையும் சேர்த்துத் தின்னும். ஹை பிரஷர் ஜெட்டும் வேண்டாம். மேல்தோல் திறந்து பாசி இன்னும் சீக்கிரம் திரும்பும். சிலேன்-சிலாக்சேன் சீலர் (தண்ணீரை விலக்கும் பூச்சு) நிறத்தை மாற்றாமல் காக்கிறது, ஏறத்தாழ ஐந்து வருடத்துக்கு ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டும். பளபளக்கும் அக்ரிலிக் பூச்சு, உள்ளிருந்து ஈரம் வரும் இடத்தில் உரிந்துவிடும்.

வெப்பம் உண்மையான குறை. மேற்குச் சுவர் மாலை வெயிலை வாங்கி வைத்து ராத்திரி ஒன்பது, பத்து மணிக்கு உள்ளே விடுகிறது. படுக்கையறையை அந்தப் பக்கம் வைக்கக் கூடாது. சுவருக்கு வெளியே 100 மி.மீ. இடைவெளி விட்டுக் கால்வனைஸ் மெஷ் அடித்துக் செடிக்கொடி படரவிட்டது நன்றாகவே பலன் தருகிறது. மழைச் சத்தத்துக்குத் தகரத்தை ஒட்டியே 50 மி.மீ. ராக்வூல் (பாறை இழைப் பஞ்சு), கீழே ஜிப்சம் போர்டு. இது இல்லாவிட்டால் செப்டம்பர், அக்டோபர் அடைமழையில் போனில் ஒரு வார்த்தை பேச முடியாது.