கப்பல்ல ரூம் சர்வீஸும் எக்ஸ்ட்ரா சார்ஜும்: 11 வருஷத்துல 9 தடவை போன அனுபவம்

2014 டிசம்பர்ல தான் முதல் தடவையா குரூஸ் போனோம், கால்வெஸ்டன்ல இருந்து. நாங்க ஹூஸ்டன்ல இருக்கோம், கார்ல ஒரு மணி நேரத்துல துறைமுகம் வந்துரும். அப்ப பையனுக்கு மூணு வயசு. ராத்திரி பதினொன்றரைக்கு எந்திரிச்சு பசிக்குதுன்னு ஒரே அழுகை, ரூம்ல இருந்த போனை எடுத்து ஒரு சீஸ் சாண்ட்விச்சும் பாலும் கேட்டேன், அரை மணி நேரத்துக்குள்ள ஒரு தம்பி தட்டை மூடி கொண்டாந்து குடுத்துட்டு சிரிச்சுக்கிட்டே போனாரு. காசே கிடையாது. கையில ரெண்டு டாலர் குடுத்தேன், அவ்ளோ தான். குழந்தைய வெச்சுக்கிட்டு இருக்கறவங்களுக்கு இதைவிட என்ன வேணும்னு தோணுச்சு, அந்த ஒரு ராத்திரிக்காகவே அடுத்த வருஷம் மறுபடியும் புக் பண்ணோம்.

அதுக்கப்புறம் இந்த 11 வருஷத்துல மொத்தம் 9 தடவை போயாச்சு. ஆறு கால்வெஸ்டன்ல இருந்து, ரெண்டு ஃபுளோரிடால இருந்து, ஒண்ணு சியாட்டில்ல இருந்து அலாஸ்கா. நாலு தடவை ஊர்ல இருந்து அப்பா அம்மாவையும் வரவெச்சு கூட்டிட்டு போனேன். டிக்கெட் விலைய பத்தி எல்லாரும் பேசுறாங்க, உள்ள போனதுக்கப்புறம் ஏறுற பில்லை பத்தி தமிழ்ல யாரும் விவரமா எழுதி நான் பாக்கல, அதான் எழுதறேன்.

முதல்ல ரூம் சர்வீஸ். முன்னாடி பெரிய குரூஸ் கம்பெனி எல்லாத்துலயும் இது அனேகமா இலவசம் தான், ராயல் கரீபியன்ல நடுராத்திரி 12 மணில இருந்து விடியக்காலை 5 வரைக்கும் மட்டும் 3.95 டாலர் வாங்குவாங்க. 2015ல நார்வீஜியன் எல்லா நேரத்துக்கும் ஆர்டருக்கு 7.95 டாலர்னு ஆரம்பிச்சாங்க, 2017ல ராயல் கரீபியனும் அதே 7.95க்கு வந்துட்டாங்க, அதுக்கு மேல 18 சதவீதம் டிப்ஸ் தானா சேரும், ஆக 9.38 டாலர். ஒரு விஷயம் நல்லா புரிஞ்சுக்கங்க, இது ஆர்டருக்கு ஒரு தடவை தான், ஐட்டத்துக்கு ஐட்டம் இல்ல. நாலு பேருக்கு சேத்து ஒரே போன்கால்ல சொன்னாலும் அதே காசு, ஒரே ஒரு சூப் கேட்டாலும் அதே காசு. கார்னிவல்ல இதுக்கு நேர் எதிர், அங்க ஒவ்வொரு ஐட்டத்துக்கும் தனித்தனி விலை, பீட்சா ரூமுக்கு கொண்டாந்தா அதுக்கும் காசு, நேர்ல போய் வாங்கினா ஃப்ரீ. இந்த வித்தியாசம் தெரியாம ஒரு கம்பெனில பழகின மாதிரியே இன்னொண்ணுல ஆர்டர் பண்ணா பில்லு எகிறும்.

ஆனா ராயல் கரீபியன்லயும் கார்னிவல்லயும் காலைல கான்டினென்டல் பிரேக்ஃபாஸ்ட்னு ஒண்ணு இருக்கு, காபி, டீ, ஜூஸ், பிரெட், பழம், தயிர், சீரியல் இதெல்லாம், அது ரூமுக்கு வந்தாலும் இலவசம். படுக்கப் போறதுக்கு முன்னாடி ஒரு அட்டையில டிக் பண்ணி எத்தனை மணிக்கு வேணும்னு எழுதி கதவு கைப்பிடில மாட்டிட்டா போதும், இப்ப நிறைய கப்பல்ல ஆப்லயோ டிவிலயோ பண்ண சொல்றாங்க. எங்க அப்பாவுக்கு எழுபத்தி நாலு வயசு, நாலரைக்கு எந்திரிச்சுருவாரு, காபி உள்ள போனா தான் அவருக்கு பொழுது விடியும். ரூம்ல கெட்டில் வெச்சுக்க முடியாது, நம்ம கொண்டு போனாலும் ஏறும்போதே புடுங்கி வெச்சுக்குவாங்க, கப்பல்ல தீ பிடிச்சா எங்க ஓடறது, அதனால இந்த மாதிரி சூடாகுற சாமான விட மாட்டாங்க, அயர்ன் பாக்ஸும் கூடாது. அதனால அட்டையில காபிக்கு பக்கத்துல சூடான பால்னு தனியா எழுதி வைப்பேன், நாங்க கொண்டு போன இன்ஸ்டன்ட் தூளை அந்த பால்ல போட்டு அப்பா ஆத்திக் குடிப்பாரு. அவங்க குடுக்கற காபி அவருக்கு இறங்கவே இறங்காது. இந்த ஒரு சின்ன ஏற்பாட்டுல அவரோட முழு நாளும் நல்லா போச்சு.

2019ல அலாஸ்காவுக்கு ஹாலண்ட் அமெரிக்கால போனோம், அங்க 24 மணி நேரமும் ரூம் சர்வீஸ் மெனு இலவசம். டிஸ்னிலயும் அப்படி தான், பாக்கெட் ஸ்நாக்ஸ், மதுபானம் மாதிரி சிலதுக்கு மட்டும் காசு, ஆனா டிஸ்னி டிக்கெட் விலையே வேற ரகம். அலாஸ்கால கிளேசியர் பேங்கற பனிப்பாறை வளைகுடாவுக்கு போன அன்னிக்கு காலைல அம்மாவும் அப்பாவும் பால்கனில கம்பளிய போத்திக்கிட்டு ஒக்காந்திருந்தாங்க, எதிர்ல பனி மலை, நீலமா வெட்டி வெச்ச மாதிரி, கையில சூடா சூப்பு, அம்மா ரொம்ப நேரம் ஒண்ணுமே பேசல. மேல டெக்குல கூட்டம் நெருக்கிக்கிட்டு நின்னப்ப இவங்க நிம்மதியா ஒக்காந்து பாத்தாங்க. வயசானவங்கள கூட்டிட்டு போறவங்க டிக்கெட் கொஞ்சம் கூட இருந்தாலும் இந்த மாதிரி கம்பெனிய கண்டிப்பா யோசிங்க, கடைசில கூட்டி கழிச்சு பாத்தா வித்தியாசம் அவ்ளோ வராது.

இப்ப மனசுல ரொம்ப நாளா இருக்கற ஒரு விஷயம். 2023ல போனது எந்த கம்பெனின்னு சொல்ல வேண்டாம். மெக்சிகோல கோசுமெல் தீவுல இறங்கி சுத்திட்டு வந்ததுல அம்மாவுக்கு முழங்கால் வீங்கிருச்சு, அன்னிக்கு ராத்திரி கடலும் சரியில்ல, கப்பல் ஆட ஆட நடக்கவே பயந்தாங்க. லிஃப்டு கிட்ட எப்பவும் கூட்டம். ரெண்டு நாள் ரூம்லயே சாப்பாடுன்னு முடிவு பண்ணோம். காலைல அட்டையில ஓட்ஸ், பழம், தயிர் டிக் பண்ணேன், அதே அட்டையில சின்ன எழுத்துல காசு வாங்கற ஐட்டமும் கலந்து போட்டிருந்தாங்க, நான் கவனிக்கல, அதுக்கு ஒரு சார்ஜ். மத்தியானம் வெறும் சாதமும் தயிரும் கேட்டா மெனுல இருக்கறது மட்டும் தான் தருவோம்னாங்க, சரின்னு ஒரு சூப்பும் பிரெட்டும் சொன்னேன், பிரெட் வரல, திரும்ப போன் பண்ணேன், அதையும் புது ஆர்டரா போட்டுட்டாங்க. ராத்திரி ஒண்ணு. ஒரே நாள்ல நாலு சார்ஜ், ஒவ்வொண்ணுக்கும் மேல டிப்ஸ் சதவீதம். பில்லு, புகார் எல்லாம் பாக்கற கெஸ்ட் சர்வீசஸ் கவுன்டர்ல போய் நாப்பது நிமிஷம் வரிசைல நின்னு சொன்னப்புறம் அந்த பிரெட்டுக்கு போட்டதை மட்டும் எடுத்தாங்க, மத்ததெல்லாம் ரூல்ஸ்படி சரின்னுட்டாங்க.

காசு போனதுல கூட எனக்கு வருத்தம் இல்ல. நல்லா நடக்க முடிஞ்சவன் ரெண்டு மாடி ஏறி பஃபேல எவ்ளோ வேணா ஃப்ரீயா சாப்பிடலாம். நடக்க முடியாதவங்க, கைக்குழந்தைக்காரங்க, வாந்தி எடுத்து படுத்திருக்கறவங்க, இவங்க தான் ரூம்ல சாப்பிடணும், அவங்க கிட்ட தான் இந்த காசு போய் விழுது. டிக்கெட்ல அவங்களும் அதே சாப்பாட்டுக்கு தான் காசு கட்டிருக்காங்க. சும்மா சோம்பல்ல நடுராத்திரி அஞ்சு தட்டு வரவெச்சு பாதிய தின்னுட்டு காரிடார்ல வெச்சிருவாங்க, நானே எத்தனையோ தடவை பாத்திருக்கேன், அதை நிறுத்தணும்னா சார்ஜ் வைக்கட்டும், எனக்கு சம்மதம். வீல்சேர்ல வரவங்களுக்கும் கப்பல் டாக்டர பாத்தவங்களுக்குமாவது இதை தள்ளுபடி பண்ணணும், அது ஒண்ணும் அவங்களுக்கு பெரிய நஷ்டம் கிடையாது.

அன்னிக்கு ராத்திரி என் வீட்டுக்காரர் டைனிங் ரூம்ல தனியா ஒக்காந்திருந்ததை பாத்துட்டு ஹெட் வெயிட்டர் விசாரிச்சிருக்காரு, அவரு மங்களூர்க்காரர். விஷயத்தை கேட்டுட்டு அவரே கிச்சன்ல சொல்லி சாதம், பருப்பு, தயிரு, கொஞ்சம் காய் எல்லாம் ஒரு டிரேல வெச்சு மூடி குடுத்தாரு, மறுநாளும் அதே மாதிரி பண்ணாரு. அம்மா தயிர் சாதத்தை பிசைஞ்சு சாப்பிட்டுட்டு தான் அன்னிக்கு தூங்கினாங்க. கடைசி நாள் அவருக்கு தனியா கவர்ல வெச்சு குடுத்தோம், அம்மாவும் மெதுவா நடந்து வந்து கும்பிட்டாங்க. அதுல கத்துக்கிட்டது, டைனிங் ரூம்ல முதல் நாளே ஹெட் வெயிட்டர் கிட்ட சைவம், காரம், சாதம்னு சொல்லி வெச்சுருங்க, ஒரு நாள் முன்னாடி சொன்னா நம்ம ஊரு சமையல் தனியா பண்ணி தராங்க, நாங்க போன முக்காவாசி கப்பல்ல காசு வாங்காம பண்ணாங்க. பஃபேல இருந்து தட்டை ரூமுக்கு எடுத்துட்டு போறதையும் எங்கள யாரும் தடுத்ததில்ல. ஊறுகாய், பிஸ்கட், சீல் பண்ண பாக்கெட் எல்லாம் கொண்டு போலாம், வீட்ல சமைச்சது கூடாது.

கப்பல்ல வேலை செய்யறவங்களுக்குன்னு தினமும் நம்ம பில்லுல தானா ஏறுற டிப்ஸ் கதை தனி. ரூம் சர்வீஸ் எல்லாம் இதுக்கு முன்னாடி சில்லறை. 2018ல ராயல் கரீபியன்ல ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 14.50 டாலரா இருந்துச்சு, 2022ல 16, 2023ல 18, இப்ப 18.50. இது சாதாரண ரூமுக்கு, சூட்னு சொல்ற பெரிய ரூம்னா இன்னும் கூட. குழந்தைக்கும் அதே தான். நாலு பேரு, ஏழு ராத்திரின்னா 518 டாலர், 2018 கணக்குல அதே 406. கலிஃபோர்னியால ஒரு சட்டம் வந்ததால 2024 ஜூலைல இருந்து பெரிய கம்பெனிங்க வரி, துறைமுக கட்டணம் எல்லாம் சேத்தே விளம்பரத்துல விலைய போடறாங்க, அது ரொம்ப நல்ல விஷயம், ஆனா இந்த டிப்ஸ் அதுல சேராது, நீங்க தான் மனசுல கூட்டிக்கணும். முன்கூட்டியே கட்டிட்டா ஏத்தறதுக்கு முன்னாடி இருந்த ரேட்டே நிக்கும், நாங்க அப்படி தான் பண்றோம். இதை சில பேரு கெஸ்ட் சர்வீசஸ்ல போய் எடுக்க சொல்றாங்க, தயவு செஞ்சு பண்ணாதீங்க, ரூமை கூட்டி பெருக்கறவங்களும் பரிமாறறவங்களும் மாசக்கணக்கா ஊரை விட்டு வந்து வேலை செய்யறாங்க, அவங்க வருமானத்துல அது பெரிய பங்கு.

ஆனா ஒரே வேலைக்கு ரெண்டு தடவை டிப்ஸ் கட்டாதீங்க. பார்ல ஒரு ஜூஸ் வாங்கினாலும் டிப்ஸ் ஏற்கனவே பில்லுல ஏறிருக்கும், கீழ இன்னொரு கோடு போட்டு கூடுதல் டிப்ஸ்னு காலியா விட்டிருப்பாங்க, முதல் ரெண்டு பயணமும் அதை நாங்க ஒவ்வொரு தடவையும் நிரப்பி குடுத்தோம். ரூம் சர்வீஸ் சீட்டுலயும் அப்படி தான். கொண்டு வர தம்பிக்கு தனியா குடுக்கணும்னா கையில ஒண்ணு ரெண்டு டாலர் நோட்டா குடுங்க.

மத்ததெல்லாம் சுருக்கமா சொல்றேன். டிரிங்க் பேக்கேஜ் ஒருத்தர் வாங்கினா அதே ரூம்ல இருக்கற இன்னொரு பெரியவரும் வாங்கணும்பாங்க, எங்க வீட்ல யாரும் குடிக்கறதில்ல, நாங்க அந்த பக்கமே போறதில்ல. கார்னிவல்ல ஏறும்போது ஒரு ஆளுக்கு 12 கேன் சோடா கையில கொண்டு போலாம், பசங்களுக்கு அது போதும். வைஃபை ஒவ்வொரு சாதனத்துக்கும் நாள் கணக்குல காசு, ஸ்டார்லிங்க்ங்கற சாட்டிலைட் இன்டர்நெட் வந்ததுல இருந்து வேகம் பரவாயில்ல, ஒண்ணு மட்டும் வாங்கி மாத்தி மாத்தி போட்டுக்கறோம். போனை கப்பல் கிளம்பின உடனே ஏர்பிளேன் மோடுல போட்ருங்க, 2016ல மறந்துட்டேன், கப்பல் டவர்ல போய் ஒட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்தப்புறம் 87 டாலர் பில்லு வந்துச்சு. மெக்சிகோல 2025 ஜூலைல இருந்து ஒரு பயணிக்கு 5 டாலர் வாங்க ஆரம்பிச்சிருக்காங்க, அது வரியோட சேந்து வரும், தனியா கட்ட வேண்டியதில்ல.

கார்டு விஷயத்துல ஒண்ணு. ஏறும்போது பில்லுக்குன்னு கேக்கற இடத்துல டெபிட் கார்டு குடுக்காதீங்க, அவங்க அதுல பிடிச்சு வைக்கற காசு திரும்ப வர நாளாகும், கிரெடிட் கார்டு தான் நல்லது. தினமும் ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ஆப்ல பில்லை ஒரு தடவை பாருங்க, ரெண்டு நிமிஷ வேலை. கடைசி நாள் ராத்திரி கெஸ்ட் சர்வீசஸ்ல வரிசை காரிடார் வரைக்கும் வந்துரும், அப்ப போய் நின்னா அவங்களுக்கும் பொறுமை இருக்காது நமக்கும் இருக்காது. பலமா காத்து அடிக்குதுன்னு ஏதாவது துறைமுகத்துக்கு கப்பல் போகாம விட்டுட்டா அந்த ஊரு வரிய திருப்பி உங்க கணக்குல போடுவாங்க, எங்களுக்கு ஒரு தடவை அப்படி வந்துச்சு, அதையும் பாத்துக்கங்க.

அடுத்த மார்ச்சுல பத்தாவது தடவையா போறோம், அப்பா அம்மாவும் வராங்க. இந்த தடவை பால்கனி வேண்டாம்னு உள் ரூம் தான் எடுத்திருக்கேன், பஃபே மாடிக்கு ஒரு மாடி கீழ, லிஃப்டு பக்கத்துல, பிளான் படத்தை பாத்து பாத்து எடுத்தது. பால்கனிக்குன்னு வெச்சிருந்ததுல நூறு டாலரை அம்மாவோட ரூம் சர்வீசுக்குன்னு தனியா ஒதுக்கியாச்சு, காலு வலிக்குதுன்னு சொன்னா யோசிக்காம போனை எடுத்துருவேன்.