மழைத்தண்ணி ஒட்டாத கண்ணாடி: 14 மாதம், மூன்று சோடி வைப்பர் ரப்பர்

மழைத்தண்ணி ஒட்டாமல் கார்க் கண்ணாடிக்குப் பூசுகிற அந்தப் பூச்சு இப்போது விலை இறங்கிவிட்டதாம், வாங்கலாமோ என்று மச்சான் நேற்றுப் போனில் கேட்டான். நல்ல நேரத்தில்தான் கேட்டான், மூன்றாவது தடவையாக வைப்பர் ரப்பர் மாற்றிவிட்டுக் கராஜில் இருந்து அப்போதுதான் வந்திருந்தேன். வாயைத் திறந்தால் ஏச்சுத்தான் வரும் என்பதால் எழுதுகிறேன்.

சாமான் தெரிந்ததுதானே, கார் முன்கண்ணாடியில் பூசுகிற சின்னப் போத்தல். பூசியது அப்பா விட்டுப்போன மொரிஸ் மைனருக்கு. ஒரு மழைநாளில் சாவகச்சேரி தாண்டி ஆனையிறவுப் பக்கம் போகும்போது வேகம் 60 ஐத் தொட்டதும் துளிகள் எறும்பு வரிசை மாதிரிக் கண்ணாடியில் மேல்நோக்கி ஏறி ஓடின. வைப்பரை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன், பக்கத்தில் இருந்தவ என்னை ஏசினது வேறு கதை.

ஏ.எல். பிள்ளைகளுக்கு இரசாயனம் படிப்பிக்கிறவன் இதைத் தேடிப் படிக்காமல் இருப்பானா? உள்ளே இருப்பது அற்ககோலில் கரைத்த சிலேன். மூலக்கூற்றின் தலையில் சிலிக்கன், வாலில் தண்ணியைக் கண்டால் ஆகாத நீளச் சங்கிலி. ஈரம் பட்டதும் தலை நீர்ப்பகுப்படைந்து, அதாவது தண்ணியோடு தாக்கம் புரிந்து, கண்ணாடியின் மேலிருக்கும் ஐதரொட்சைல் (OH) கூட்டங்களைப் பிடிக்கும், பிறகு பக்கத்தில் நிற்கும் மூலக்கூற்றோடும் சிலிக்கன்-ஒட்சிசன்-சிலிக்கன் என்று கை கோத்து வலையாகிவிடும். வால்கள் எல்லாம் வெளியே பார்த்தபடி நிற்கும். யாரும் அடுக்கத் தேவையில்லை. 18 காபன் வால் உள்ள சிலேனைக் கொண்டு கண்ணாடியில் இப்படி ஒற்றைப் படை கட்டலாம் என்று ஜேக்கப் சாகிவ் என்ற இரசாயன ஆய்வாளர் 1980 இல் காட்டினார், அந்தப் படையின் தடிப்பு ஏறக்குறைய 2.5 நனோமீற்றர். தலைமயிரை முப்பதாயிரமாகக் கிழித்தால் ஒரு கீற்று அவ்வளவு வரும்.

இதில் எனக்குப் பிடித்த விசயம், தண்ணியை விரட்டுகிற சாமானுக்கு ஒட்டுவதற்கே தண்ணி வேண்டும். ஆனால் துளியளவுதான். முதல் தடவை நான் அடைமழைக்கு நடுவே, சரியாகக் காயாத கண்ணாடியில் பூசினேன். ஈரம் கூடினால் மூலக்கூறுகள் கண்ணாடிக்குப் போய்ச் சேர முன்னரே தங்களுக்குள் பிணைந்து பல்பகுதியக் கட்டிகளாகிவிடும். கண்ணாடி முழுக்கச் சோற்றுக் கஞ்சி ஊற்றிய மாதிரி வெண்புகார், தேய்த்தெடுக்க ஒரு பின்னேரம் போனது. அது என் பிழை, சாமானைக் குறை சொல்லமாட்டேன். மாசி மாத வெயிலில் இரண்டாம் தடவை பூசியது அருமையாகப் பிடித்தது.

ஆனால் அந்தச் சத்தம்! வைப்பர் ரப்பர் வழுக்கிப் போவதே கண்ணாடியில் பரந்து நிற்கும் தண்ணிப் படலத்தால்தான். இங்கே படலம் இல்லை, முத்துகள்தான், ரப்பர் ஒட்டி, விடுபட்டு, திரும்ப ஒட்டி, டர்ர்ர் டர்ர்ர் என்று துள்ளும். தூறலில் இன்னும் மோசம். கராஜ் பெடியன் "மாஸ்டர், கார் அழுகுது" என்கிறான். போத்தலில் இதைப்பற்றி ஒரு சொல் இல்லை. ரப்பர் மாற்றினால் இரண்டு கிழமைக்கு அமைதி, பிறகு பழையபடி. காரணம் தெரிந்தபடியால் கோபம் குறையும் என்று நினைத்தேன், குறையவில்லை.

இரவில் ஆஸ்பத்திரி வீதியில் ஊர்ந்து போகும்போது முத்துகள் உருளாது, எதிரே வருகிற ஓட்டோ லைற் ஒவ்வொரு முத்திலும் உடைந்து கண்ணைக் குத்தும். எங்கள் கிணற்றுத் தண்ணியால் கழுவி அப்படியே காயவிட்டால் முத்து நின்ற இடமெல்லாம் வட்ட வட்டமாகச் சுண்ணாம்புப் புள்ளி, வினாகிரிதான் கதி. சவர்க்காரத் தூள் போட்டுக் கழுவவே வேண்டாம், காரம் அந்தச் சிலிக்கன் பிணைப்பை அறுக்கும். எனக்கு ஐந்து மாதத்தில் வைப்பர் ஓடும் வளைவில் மட்டும் பூச்சு செத்துவிட்டது, ஓரங்களில் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது.

மச்சான், வாங்காதே. அரை விலைக்கும் வேண்டாம். பக்கக் கண்ணாடிகளுக்கும் மிரருக்கும் என்றால் பூசலாம், அங்கே வைப்பர் இல்லை, இதைவிட நல்ல சாமானும் இல்லை. என்னிடம் இன்னும் கால் போத்தல் கிடக்கிறது, மழை விட்ட பிறகு ஒருநாள் காரைக் கொண்டு வா, கண்ணாடியை வீட்டிலேயே துடைத்துக் காயவைத்துக்கொண்டு வா.