65 வாட் சார்ஜர் இருக்கும்போது இந்த 27 வாட் எதற்கு? ராஸ்பெர்ரி பை பவர் சப்ளை, ஆறு மாதம் கழித்து

இதை வாங்கும்போது எனக்கு எரிச்சல்தான். வீட்டில் டிராயரைத் திறந்தால் சார்ஜராகக் கொட்டுகிறது, அதில் ஒன்று 65 வாட், லேப்டாப்பையே சார்ஜ் செய்கிறது. அது இருக்க, ராஸ்பெர்ரி பை 5 என்ற உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டர் போர்டுக்கு ஆயிரத்துச் சொச்சம் கொடுத்துத் தனியாக ஒரு 27 வாட் அடாப்டர் வாங்கு என்றால் யாருக்கு மனசு வரும்? அதனால் பை வாங்கிய முதல் இரண்டு மாதமும் அந்த 65 வாட்டிலேயே ஓட்டினேன்.

ஓடியது. சும்மா இருக்கும் வரை ஓடியது. குடும்பப் போட்டோ எல்லாவற்றையும் எஸ்எஸ்டி என்ற ஒரு சேமிப்பு டிரைவில் போட்டு அதை யூஎஸ்பியில் மாட்டி வைத்திருந்தேன். ராத்திரியில் பை அந்தப் போட்டோக்களில் முகங்களை அடையாளம் பார்த்துப் பிரிக்க ஆரம்பிக்கும், புராசஸரின் நாலு கோரும், அதாவது கணக்குப் போடும் நாலு பகுதிகளும், முழு மூச்சில் ஓடும், காலையில் பார்த்தால் எஸ்எஸ்டி காணாமல் போயிருக்கும். சில நாள் போர்டே உறைந்து கிடக்கும். எஸ்எஸ்டியைச் சந்தேகப்பட்டேன், சூட்டைச் சந்தேகப்பட்டேன், ஓஎஸ்ஸை இரண்டு தடவை அழித்துப் போட்டேன். கடைசியில்தான் போர்டு தன் உடம்பு நிலையைத் தானே சொல்லும் என்பது ஞாபகம் வந்தது. த்ராட்டில் நிலையை, அதாவது வேகத்தை இறக்கியிருக்கிறதா என்பதைக் கேட்கும் கமாண்டைக் கொடுத்தால் ஹெக்ஸ் என்ற பதினாறு அடிமான எண்முறையில் 50005 என்று பதில். அதற்கு அர்த்தம்: இப்போது வோல்டேஜ் குறைவு, அதனால் வேகத்தை இறக்கி வைத்திருக்கிறேன், இரண்டும் இதற்கு முன்னாலும் நடந்திருக்கிறது. சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் இந்தப் புகார் வரும். திரை மாட்டியிருந்தால் மூலையில் மின்னல் படம் தெரியும், என்னுடையது திரை இல்லாமல் அலமாரியில் கிடந்ததால் யார் பார்ப்பது?

65 வாட்டில் எப்படிக் குறையும் என்று அன்று முழுக்கக் குழம்பினேன். விஷயம் இதுதான். அந்த 65 வாட் என்பது 20 வோல்ட்டில் தருவது. அதே சார்ஜர் 5 வோல்ட் என்று வந்தால் 3 ஆம்பியர், அதாவது 15 வாட்தான். பை போர்டோ 5 வோல்ட்டைத் தவிர எதையும் வாங்கிக்கொள்ளாது. சார்ஜர் நூறு வாட்டாக இருந்தாலும் இதே கதைதான்.

அதைவிடப் பெரிய வில்லன் கேபிள். நான் போட்டிருந்தது இரண்டு மீட்டர், ஒல்லி. போய்வரும் வழி இரண்டையும் சேர்த்து 0.2 ஓம் தடை இருந்தால்கூட 2 ஆம்பியர் ஓடும்போது 0.4 வோல்ட் வழியிலேயே போய்விடும், 5 என்று கிளம்பியது 4.6 ஆகத்தான் வந்து சேரும். வீட்டில் தண்ணி மோட்டார் போட்டதும் பல்பு ஒரு நொடி மங்குகிறதே, அதே சங்கதிதான்.

புராசஸர் பக்கம் இது இன்னும் மோசம். பை 5-இல் இருக்கும் சிப் சும்மா இருக்கையில் 1.5 கிகாஹெர்ட்ஸ், வேலை வந்தால் 2.4. கோருக்குப் போவது 5 வோல்ட் இல்லை, ஒரு வோல்ட்டுக்கும் கீழே. 0.9 வோல்ட்டில் 5 வாட் எடுக்க வேண்டும் என்றால் கணக்குப்படி ஐந்தரை ஆம்பியர் ஓட வேண்டும், அதுவும் கோர்கள் தூக்கத்திலிருந்து எழுந்த மறுகணமே. இதைச் சமாளிப்பது போர்டில் இருக்கும் ரெனிசாஸ் டிஏ9091 என்ற பவர் சிப். அதற்குள் வோல்டேஜை மாற்றித் தரும் எட்டு ஸ்விட்சிங் சப்ளை இருக்கிறது, அதில் கோருக்கான நாலு ஃபேஸ் சப்ளை மட்டும் 20 ஆம்பியர் வரை தாங்கும். நாலு ஃபேஸ் என்றால் ஒருவர் பின் ஒருவராகத் தோள் மாற்றிப் பல்லக்குத் தூக்குவது மாதிரி, அதனால் வோல்டேஜ் ஆட்டம் குறைகிறது. திடீர் இழுப்பின் முதல் கணத்தைப் பக்கத்தில் கொஞ்சம் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும் கெபாசிட்டர்கள் பார்த்துக்கொள்ளும். எல்லாம் சரி, ஆனால் பவர் சிப்புக்கே வாசலில் வரும் 5 வோல்ட் தள்ளாடினால் அது என்ன செய்யும்? உள்ளே வோல்டேஜ் நிலையாக இருக்க வேண்டுமென்றால் வெளியே இருந்து எடுக்கும் ஆம்பியர் ஏறும், ஆம்பியர் ஏறினால் கேபிளில் இன்னும் விழும்.

இனி பொருளுக்கு வருகிறேன். அடாப்டர் தருவது 5.1 வோல்ட், 5 ஆம்பியர். அந்த 0.1 சும்மா இல்லை, கேபிளில் தொலையப் போவதற்கு முன்பணம். கேபிள் 1.2 மீட்டர், 17 கேஜ் கம்பி. தடித்த கம்பி என்பதால் 3 ஆம்பியர் போனாலும் என் கணக்கில் 0.12 வோல்ட்தான் விழும். போர்டே உள்ளே வரும் வோல்டேஜை அளந்து சொல்லும் என்பதால் ஒப்பிட்டுப் பார்த்தேன்: பழைய சார்ஜரில் நாலு கோரும் எஸ்எஸ்டியும் சேர்ந்து ஓடும்போது 4.6-ஐத் தொட்டுத் தொட்டு வந்தது, இதில் 5-க்குக் கீழே இறங்கவே இல்லை. இன்னொன்று, 5 ஆம்பியர் சப்ளை என்று அடாப்டரிடம் பேசிப் பார்த்துத் தெரிந்துகொண்டால்தான் பை 5 தன் யூஎஸ்பி போர்ட்டுகளுக்கு மொத்தம் 1.6 ஆம்பியர் விடும், இல்லையென்றால் 600 மில்லி ஆம்பியரோடு நிறுத்திவிடும். என் எஸ்எஸ்டி காணாமல் போனதில் இதற்கும் பங்கு உண்டு. கான்ஃபிக் ஃபைலில் ஒரு வரி போட்டு அந்தக் கட்டுப்பாட்டை எடுக்கலாம்தான், ஆனால் ஒல்லிக் கேபிளை வைத்துக்கொண்டு அதைச் செய்வது நம் தலையில் நாமே மண்ணைப் போட்டுக்கொள்வது.

ஆறு மாதமாக அந்தக் கமாண்ட் பூஜ்யத்தைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை. எஸ்எஸ்டியும் தொலையவில்லை.

குறை? கேபிள் அடாப்டரோடு ஒட்டியே வருகிறது. எங்காவது மடங்கிப் பிய்ந்தால் முழுசையும் தூக்கிப் போட வேண்டியதுதான். விறைப்பாகவும் இருக்கிறது, பை போர்டின் கனத்துக்கு அது கேபிள் இழுத்த பக்கமெல்லாம் நகர்கிறது. நான் ஒரு ஸ்க்ரூ போட்டு அலமாரியோடு பிடித்து வைத்திருக்கிறேன். அப்புறம், 5 வோல்ட்டில் 5 ஆம்பியர் என்பதே கடைச் சார்ஜர்களில் அபூர்வம், ஆக அவசரத்துக்கு மாற்று கிடைக்காது. 9 வோல்ட்டையோ 12-ஐயோ வாங்கி உள்ளேயே இறக்கிக்கொள்ளும்படி போர்டைச் செய்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. விலையும் அளவும் கூடியிருக்கும், அதனால் செய்யவில்லை போல. எஸ்எஸ்டி, கேமரா எதுவும் மாட்டாமல் பை 4 வைத்திருப்பவர்கள் இதைத் தேட வேண்டாம், அதற்கான 15 வாட் அடாப்டரே போதும்.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். வீட்டு லைனில் வோல்டேஜ் ஏறி இறங்குவதை அடாப்டர் கண்டுகொள்ளவில்லை, ஆனால் எங்கள் இன்வெர்ட்டருக்கு மாறும் அந்தக் கண்ணிமைப்பில் முதல் இரண்டு தடவை பை ரீஸ்டார்ட் ஆனது. அடாப்டரைத் திட்டிக்கொண்டே இன்வெர்ட்டரின் பின்னால் எட்டிப் பார்த்தால், யூபிஎஸ் மோட் என்று ஒரு குட்டி ஸ்விட்ச், இத்தனை வருஷமாக ஆஃபிலேயே இருந்திருக்கிறது. தட்டிவிட்டேன். அதற்கப்புறம் எத்தனையோ தடவை கரண்ட் போய்விட்டது, பை ஒரு தடவைகூட விழவில்லை.