வார்டா, வீடா: மதுரைக் குடும்பங்களுக்கு ஓர் ஒப்பீடு

உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் எழுபதைக் கடந்த ஒருவருக்கு நிமோனியா வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கோரிப்பாளையத்துப் பெரியாஸ்பத்திரியில் சேர்ப்பது, தனியார் மருத்துவமனையில் சேர்ப்பது, ஒரு மருத்துவமனையின் பொறுப்பிலேயே வீட்டில் வைத்துச் சிகிச்சை பெறுவது, தெரிந்த நர்ஸ் ஒருவரை அமர்த்தி நாமே சமாளிப்பது என நான்கு வழிகள் அவர் குடும்பத்தின் முன் இருக்கின்றன. கடைசி இரண்டையும் ஒன்றென்று எண்ணுவதில்தான் பெரும்பாலான குழப்பம் தொடங்குகிறது.

காலையில் ஒருவர் வந்து ஊசி போட்டுவிட்டுப் போவது வீட்டு நர்சிங். வார்டில் படுக்க வேண்டிய நோயாளிக்கு அங்கு கிடைக்கும் கண்காணிப்பை வீட்டுக்குக் கொண்டுவருவது வேறு ஏற்பாடு. அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டமான மெடிகேர் 2020 நவம்பரில் இத்தகைய சிகிச்சைக்குப் பணம் தர முன்வந்தபோது, மருத்துவர் தினமும் நோயாளியைக் கவனிக்க வேண்டும், நர்ஸ் போன்ற பயிற்சி பெற்றவர்கள் நாளுக்கு இரண்டு முறையாவது நேரில் வர வேண்டும், அவசரமென்றால் 30 நிமிடங்களுக்குள் ஆள் வந்து சேர வேண்டும் என்ற நிபந்தனைகளை விதித்தது. அந்த 30 நிமிடத்தை நம் ஊரில் பொருத்திப் பார்த்தால் அண்ணா நகருக்கும் கே.கே. நகருக்கும் அது நடக்கக்கூடியது. சுமார் 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் உசிலம்பட்டிக்கு நடக்காது. 108 ஆம்புலன்ஸ் இலவசமாக வரும் என்பது உண்மைதான், ஆனால் அது நோயாளியை அழைத்துச் செல்ல வருவதேயன்றி வீட்டிலேயே தங்கி மருத்துவம் பார்க்க வருவதல்ல. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவமும் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள், இயன்முறைச் சிகிச்சை, வலி தணிப்புப் பராமரிப்பு ஆகிய நீண்டகாலத் தேவைகளுக்கானது. நிமோனியாவுக்கு அதை எதிர்பார்த்துக் காத்திருப்பது தவறு.

செலவைப் பற்றிப் பேசுவோர் பாஸ்டன் நகரில் நடந்த ஆய்வொன்றை அடிக்கடி காட்டுகிறார்கள். 91 நோயாளிகளைக் கொண்ட அந்த ஆய்வில், வீட்டுச் சிகிச்சையின் செலவு வார்டைவிட 38 சதவீதம் குறைவாக இருந்தது. 30 நாள்களுக்குள் மீண்டும் மருத்துவமனையில் சேர வேண்டியிருந்தவர்கள் வார்டுத் தரப்பில் 23 சதவீதம், வீட்டுத் தரப்பில் 7 சதவீதம். எண்கள் கவர்ச்சியாக இருந்தாலும், வார்டில் படுக்கப் பணம் வாங்காத பெரியாஸ்பத்திரியோடு ஒப்பிட்டால் கணக்கு தலைகீழாகிவிடுகிறது: அங்கே சேர்த்திருந்தால் செலவாகாத பணம், வீட்டில் வைத்தால் கருவி வாடகையாகவும் நர்ஸ் கட்டணமாகவும் கையை விட்டுப் போகும். தனியார் மருத்துவமனைக்கு எதிராக நிறுத்தினால்தான் வீடு மலிவு. காப்பீட்டை நம்புவோர் பாலிசியில் வீட்டுச் சிகிச்சை பற்றிய பகுதியை ஒருமுறை படித்துவிடுவது நல்லது. நோயாளியை நகர்த்த முடியாத நிலை அல்லது மருத்துவமனையில் இடமில்லாத நிலை இருந்தால் மட்டுமே பணம் என்பதும், சிகிச்சை மூன்று நாள்களைத் தாண்ட வேண்டும் என்பதும் வழக்கமான நிபந்தனைகள். பல பாலிசிகள் ஆஸ்துமாவையும் மூச்சுக்குழல் அழற்சியையும் வெளிப்படையாகவே விலக்கிவைக்கின்றன.

இனி மருந்து. நாளுக்கு ஒருமுறை போடும் செஃப்ட்ரியாக்சோன் போன்ற ஆன்டிபயாடிக் ஊசி வீட்டுக்கு ஒத்துவரும். ஆறு அல்லது எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏற்ற வேண்டிய பைப்பராசிலின்-டாசோபாக்டம் போன்றதென்றால் நள்ளிரவிலும் ஒரு நர்ஸ் கதவைத் தட்ட வேண்டியிருக்கும். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சென்ட்ரேட்டர் கருவிக்கு மின்சாரம் வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் நிறுத்தும் மின்சாரம் பிற்பகல் வரை வராமல் போகலாம் என்பது மதுரைவாசிகளுக்குப் புதிதல்ல. ஏறக்குறைய 1,500 லிட்டர் கொள்ளும் பி வகை சிலிண்டர் ஒன்று, நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் பன்னிரண்டு மணி நேரம் தாங்கும். அது வீட்டில் நிரம்பிய நிலையில் இல்லாமல் கான்சென்ட்ரேட்டரை மட்டும் நம்புவதை நான் ஏற்கமாட்டேன்.

வீட்டின் பக்கம் நிற்கும் வலுவான காரணம் முதியவர்களின் மனநிலை. இரவெல்லாம் விளக்கெரியும் வார்டில் தூக்கம் கெட்டு, ஊர் பேர் தெரியாமல் பிதற்றுபவர்கள் தம் சொந்தக் கட்டிலுக்கு வந்ததும் தெளிவது உண்டு. கழிப்பறைக்கு வழி தெரிந்திருப்பதே பாதி நிம்மதி. ஆனால் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் விழித்திருப்பவர் பெரும்பாலும் மருமகளோ மகளோதான். வார்டிலும் ஒருவர் துணைக்கு இருந்தாக வேண்டும் என்றாலும், அங்கே ஆக்சிஜன் அளவு இறங்கும்போது கூப்பிட ஓர் ஆள் இருக்கிறார். வீட்டில் பல்ஸ் ஆக்சிமீட்டர் 89 என்று காட்டும்போது அதன் பொருளை முடிவு செய்ய வேண்டிய சுமையும் சமைத்துக்கொண்டிருக்கும் அந்தப் பெண்ணின் தலையில் விழுகிறது. எந்தச் செலவுக் கணக்கிலும் இது ஏறுவதில்லை.

ஆகவே என் தெரிவு இரண்டும் கலந்தது. காலில் சிவந்து வீங்கும் தோல் தொற்றென்றால், காய்ச்சலும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்கும்பட்சத்தில் தொடக்கத்திலிருந்தே வீடு போதும். நிமோனியாவுக்கு முதல் இரண்டு மூன்று நாள்கள் வார்டு. காய்ச்சல் தணிந்து, ஆக்சிஜன் தேவை குறைந்து வருகிறது என்று மருத்துவர் சொன்ன பிறகு மீதி ஊசிகளை வீட்டில் முடிக்கலாம். உசிலம்பட்டிக்காரர் அந்த மீதி நாள்களை மதுரை நகருக்குள் இருக்கும் உறவினர் வீட்டில் கழிப்பதே சரி. வீட்டுச் சிகிச்சை தரும் நிறுவனம் இரவிலும் அழைக்கலாம் என்று ஓர் எண்ணைத் தரும். டிஸ்சார்ஜ் ஆவதற்கு முந்தைய இரவு இரண்டு மணிக்கு அந்த எண்ணை அழைத்து, யார் எடுக்கிறார், எவ்வளவு நேரத்தில் ஆளனுப்ப முடியும் என்கிறார் என்று பார்த்துவிட வேண்டும். எவரும் எடுக்காவிட்டால் இன்னும் இரண்டு நாள் வார்டிலேயே இருக்கட்டும்.