ஐரிஷ் ஸ்போர்ட் ஹார்ஸ் என்று சொல்லி விற்றார்கள், பாஸ்போர்ட்டில் தகப்பன் பெயரே இல்லை

அயர்லாந்தில் குதிரை தேடுபவர்கள், முக்கியமாகக் குட்டி எடுக்கும் எண்ணத்தில் பெட்டைக்குதிரை பார்ப்பவர்கள், இதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

எங்களுக்கு ஒரு பெட்டைக்குதிரையை விற்ற வியாபாரி அவளை "பாரம்பரிய ஐரிஷ் ஸ்போர்ட் ஹார்ஸ்" என்றார், பேர்பெற்ற ஒரு பொலிகுதிரையின் பெயரைச் சொல்லி அதுதான் அவளுடைய தகப்பன் என்றார், அதற்கேற்ற விலையும் வாங்கிக்கொண்டார். குதிரையின் அடையாளப் புத்தகமான பாஸ்போர்ட் மட்டும் "தபாலில் வரும்". விற்கும்போதே பாஸ்போர்ட்டைக் கையில் கொடுக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். அதைக் கேட்டதற்கு, அலுவலகத்தில் தாமதம் என்று ஒரு கதை.

பல வாரம் கழித்து வந்தது. அவள் உடம்பில் பொருத்தியிருந்த மைக்ரோசிப்பின் எண் 15 இலக்கமும் சரி, படத்தில் குறித்திருந்த சுழிகளும் சரி. குதிரை அதே குதிரைதான். ஆனால் வம்சாவளிப் பக்கம் காலி. வெறும் அடையாளத்துக்கான பாஸ்போர்ட். போன் செய்தால், "பாஸ்போர்ட் எண் 372 என்று தொடங்குகிறதே, அப்புறம் என்ன சந்தேகம்?" என்கிறார். 372 என்பது அயர்லாந்தின் நாட்டுக் குறியீடு, பாஸ்போர்ட் இங்கே கொடுக்கப்பட்டது என்பதைத் தவிர அது இனத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. இது தெரியாதவர்களிடம் அதைச் சான்று போலக் காட்டுவது பச்சை ஏமாற்று.

ஐரிஷ் ஸ்போர்ட் ஹார்ஸ் என்பது பார்வையை வைத்துச் சொல்லும் பெயர் இல்லை. ஹார்ஸ் ஸ்போர்ட் அயர்லாந்து பராமரிக்கும் வம்சாவளிப் பதிவேட்டில் தாய் தகப்பனோடு பதிவாகியிருக்க வேண்டும். கனமான எலும்பும் நிதானமும் உள்ள ஐரிஷ் டிராஃப்ட் இனத்தையும் வேகமான தரோபிரெட் பந்தயக்குதிரை இனத்தையும் சேர்த்துத்தான் பழைய ஐரிஷ் வேட்டைக்குதிரைகள் வந்தன. பிறகு ஹோல்ஸ்டைனர் போன்ற ஐரோப்பிய வார்ம்பிளட் (விளையாட்டுக்கென்றே வளர்க்கும் இனங்கள்) ரத்தமும் நிறையக் கலந்தது. அந்தக் கலப்பு உள்ளதும் முறையான ஐரிஷ் ஸ்போர்ட் ஹார்ஸ்தான், தடை தாண்டும் போட்டிகளில் அருமையாகச் செய்கின்றன, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் "பாரம்பரிய" என்று சொன்னால் அது தனி. ஐரிஷ் டிராஃப்ட், தரோபிரெட், கானமாரா போனி மாதிரி இங்குள்ள பழைய ரத்தம் மட்டுமே இருக்க வேண்டும், வார்ம்பிளட் இருக்கக் கூடாது, பதிவில் டி.ஐ.எச். (டிரெடிஷனல் ஐரிஷ் ஹார்ஸ், அதாவது பாரம்பரிய ஐரிஷ் குதிரை) என்ற குறியும் இருக்கும். நாங்கள் தேடியது அதைத்தான், ஏனென்றால் அந்தப் பழைய ரத்தம் குறைந்துகொண்டே வருகிறது. தகப்பன் யாரென்றே தெரியாத பெட்டையின் குட்டிக்கு அந்தக் குறி எப்படிக் கிடைக்கும்?

இனச்சேர்க்கைச் சான்றிதழையாவது கொடுங்கள் என்றோம். பொலிகுதிரையை வைத்திருப்பவர் கொடுக்கும் தாள் அது, அது இருந்தால்தானே குட்டியை இன்ன தகப்பனுக்குப் பிறந்தது என்று பதிவுசெய்ய முடியும்? "தேடுகிறேன்" என்றார். கடைசியில் அவளுடைய பிடரி மயிரை வேரோடு பிடுங்கி மரபணுச் சோதனைக்கு அனுப்பினோம். அவர் சொன்ன பொலிகுதிரையின் மாதிரி ஏற்கெனவே பதிவில் இருந்ததால் ஒப்பிட முடிந்தது. அவளுடைய தகப்பன் அது இல்லை.

அதற்கப்புறம் அவர் போனை எடுப்பதில்லை. வக்கீல் மூலம் பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறோம். குதிரை நல்லவள், குணத்தில் ஒரு குறையும் இல்லை, அவள்மேல் எங்களுக்குக் கோபமே கிடையாது.

பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கி, வம்சாவளிப் பக்கத்தைப் பிரித்துப் பார்த்து, சிப்பை ஸ்கேனர் வைத்து ஒத்துப்பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள். பாஸ்போர்ட் கையில் இருப்பதால் மட்டும் குதிரை விற்பவருக்குச் சொந்தம் என்று ஆகிவிடாது, அதையும் தனியாகக் கேளுங்கள். வாங்கியதும் உரிமை மாற்றத்தைப் பதிவு செய்துவிடுங்கள். அதே ஆள் போன வாரம் இன்னொரு இளம் பெட்டைக்கு விளம்பரம் போட்டிருக்கிறார், அதிலும் "பாரம்பரிய" என்று இருக்கிறது, பாஸ்போர்ட் "விண்ணப்பித்தாயிற்று" என்றும் இருக்கிறது.