மலைநாட்டுக் காட்டுப்பூக்களுக்குப் பெயர் தேட: போனா, பழைய புத்தகமா?

இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்து ரோட்டோரப் பூக்களுக்குப் பெயர் தேடுகிறவருக்கு மூன்று வழி உண்டு. ஒன்று, படம் பிடித்தால் பெயர் சொல்லும் போன் செயலிகள். இரண்டாவது, பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராக இருந்த ஹென்றி டிரைமன் தொடங்கி 1893 முதல் 1900 வரை வெளிவந்த இலங்கைத் தாவரப் பெருநூல். 1980இல் இருந்து தொகுதி தொகுதியாக வந்த அதன் திருத்திய பதிப்பும் இதோடு சேரும். மூன்றாவது, டி.இ.டி. பாண்ட் 1953இல் வெளியிட்ட மலைநாட்டுக் காட்டுப்பூ நூல். பாண்ட் நூலின் பழைய பிரதி ஒன்றைத் தேடி வாங்கி வைத்திருக்கிறேன், அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செயலியின் வசதி எல்லாருக்கும் தெரிந்ததுதான். உன்னிச்செடி, காட்டுச் சூரியகாந்தி மாதிரி பல நாடுகளில் பரவிக் கிடப்பவற்றை நொடியில் சொல்லிவிடும்.

பெருநூலை நம்பலாம். டிரைமன் 1896இல் இறந்துபோக, மீதியை முடித்தவர் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர். ஆனால் அதில் பெயருக்குப் போய்ச் சேர மகரந்தத் தாள்களை எண்ண வேண்டும், சூலகத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஹோட்டன் சமவெளி தேசியப் பூங்கா. அங்கே பூவைப் பறிக்கவே கூடாது. பிறகு எதைப் பிரிப்பது?

எனக்கு முடிவாகிப்போனது ஒரே விஷயத்தில்தான்: எல்லை. செயலி பெரும்பாலும் படத்தை உலகின் பல பகுதிப் பூக்களோடு ஒப்பிடுகிறது. எந்த ஊர்ப் படங்கள் அதனிடம் அதிகமோ, அந்தப் பக்கமே சாயும். நெலுப் பூவைக் காட்டினால் நீலகிரிக் குறிஞ்சி என்று அடித்துச் சொல்கிறது. இரண்டும் ஒரே பேரினம், சரி. ஆனால் நம் மலையில் உள்ள நெலு வகைகளில் பெரும்பாலானவை இலங்கைக்கு வெளியே கிடையாது. காசித்தும்பையின் காட்டு உறவுகளிலும் இதே கூத்துதான். பாண்டின் நூலோ மலைநாட்டு மாவட்டங்களில் பழகிய செடிகளோடு நின்றுகொள்கிறது. கரையோரத்துப் பூவோ வறண்ட வலயத்துப் பூவோ குறுக்கே வந்து குழப்பாது. பெரிய கூட்டத்துக்குள் தேடுவதும் சின்னக் கூட்டத்துக்குள் தேடுவதும் ஒன்றா? பாண்ட் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் செடி நோய்களை ஆராய்ந்தவர். தேயிலை மலையில் வேலை செய்த ஒருவர் எழுதியது என்பது, அதைப் புரட்டும் தோட்டத்துக்காரருக்குத் தெரியாமல் போகாது.

குறை இல்லாமல் இல்லை. நூல் ஆங்கிலத்தில் இருக்கிறது. எழுபது வருடத்துப் பழையது. அந்தக் காலத்தில் யூப்பட்டோரியம் என்றே வழங்கிய சில செடிகளுக்கு இப்போது அஜெரட்டினா என்று பெயர். ஆகவே புத்தகத்தில் ஆளைப் பிடித்த பிறகு, இன்றைய பெயருக்குப் போனைத்தான் திறக்கிறேன். ஐநேச்சுரலிஸ்ட் என்ற இணையதளத்தில் படம் போட்டால், செடி தெரிந்த மனிதர்கள் பார்த்துத் திருத்துவார்கள். அந்த வசதி எந்தப் புத்தகத்திலும் இல்லை.

நான் சொல்வதெல்லாம் நுவரெலியா, ஹட்டன் பக்கத்துப் பழக்கம். நக்கிள்ஸ் மலைக்கு இந்த நூலை எடுத்துப் போனதில்லை, ஆர்கிட்டுகளில் எனக்குத் தேர்ச்சியும் இல்லை. அந்த இரண்டுக்கும் வேறு யாரையாவது கேளுங்கள். பாண்ட் கைக்கு வரும்வரை, டிரைமனின் பழைய பதிப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஒரு சின்ன கைலென்ஸும் வாங்கிக்கொள்ளுங்கள், அது இல்லாமல் டிரைமனிடம் போய்ப் பயனில்லை.