டார்ட்டாய்ஸ் பாயின்ட் மோட்டாரும் சிக்னல் விளக்கும்

மாதிரி ரயில் தளத்தில் பாயின்ட் (ரயிலை ஒரு தடத்திலிருந்து மற்றொன்றுக்குத் திருப்பும் தண்டவாள அமைப்பு) எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைச் சிக்னல் விளக்கு பிசகின்றிக் காட்ட வேண்டுமென்றால், அமெரிக்காவின் சர்க்யூட்ரான் நிறுவனத்தின், பாயின்ட்டைத் திருப்பும் டார்ட்டாய்ஸ் மோட்டாரைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மோட்டாரோடு சேர்ந்தே நகரும் 2 மாற்றுத் தொடுமுனைகள் (மின்சாரத்தை ஒரு கம்பியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் சுவிட்சுகள்) அதனுள்ளேயே இருப்பதால், ஒன்றைப் பாயின்ட்டின் ஃபிராக்குக்கு (தண்டவாளங்கள் குறுக்கிடும் V வடிவப் பகுதி) மின்சாரம் தரவும், மற்றொன்றைச் சிவப்பு, பச்சை எல்.இ.டி.களை மாற்றி எரியவிடவும் ஒதுக்கலாம். 12 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஒவ்வோர் எல்.இ.டி.க்கும் 1,000 ஓம் மின்தடை போதும். இரண்டு மின்காந்தச் சுருள்களால் பாயின்ட்டைச் சட்டென இழுக்கும் இரட்டைச் சுருள் மோட்டார்கள் பலவற்றில் இதற்கெனத் தனி ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) தேட வேண்டியிருக்கும். பாயின்ட்டின் நாக்கு, அதாவது நகரும் தண்டவாள முனை, மெல்ல நகர, அந்த நகர்வின் நடுவே விளக்கு மாறுவது அத்தனை அழகு! நின்ற நிலையிலும் ஏறத்தாழ 16 மில்லி ஆம்பியரே இழுப்பதால், எப்போதும் மின்னிணைப்பிலேயே விட்டுவைக்கலாம். தளத்தின் பலகைக்கு அடியில் 3 அங்குலத்துக்கு மேல் இடம் கேட்பதுதான் இதன் ஒரே குறை.